ஹைகேட் மேட்டில் ஒரு கல் வீடு: ஜூலியஸ் பியர் மாசோலியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கட்டடம்? எங்கே இருக்கிறது?

லண்டனின் வடக்குப் பக்கம் ஹைகேட் என்று ஒரு மேடு. அதன் சரிவில் 1839இல் திறந்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில், ஏறக்குறைய உச்சியில், வெள்ளைக் கல்லில் சதுரமாக ஒரு கட்டடம் நிற்கும். கூரை படிப்படியாகக் குறுகிப் பிரமிடுபோல மேலே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு சின்னக் கோவிலைக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். ஜூலியஸ் பியர் என்ற பணக்காரர் தன் குடும்பத்துக்காக 1876க்கும் 1878க்கும் இடையில் கட்டியது. ஹைகேட்டில் தனியார் கட்டிய கல்லறைகளில் இதுதான் பெரியது.

மாசோலியம் என்றால் கல்லறைதானே? ஏன் தனிப் பெயர்?

கல்லறை என்று நாம் பொதுவாகச் சொல்வது மண்ணுக்குள் புதைத்து மேலே கல் நிறுத்துவதை. மாசோலியத்தில் கட்டடமே கல்லறை. கதவு உண்டு, சுவர் உண்டு, கூரை உண்டு, ஆள் உள்ளே நுழைந்து நிற்கலாம். ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து இறப்பவர்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க வசதி.

பெயர் ஓர் ஆளிடமிருந்து வந்தது. இன்றைய துருக்கியின் போத்ரும் ஊர் அன்று ஹாலிகார்னாசஸ். அங்கே ஆண்ட மாசோலஸ் கி.மு. 353 வாக்கில் இறந்தான். அவன் மனைவியும் சகோதரியுமான ஆர்ட்டிமிசியா எழுப்பிய கல்லறை பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாகிவிட்டது. அந்த ராஜாவை ஊர் மறந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெயர் மட்டும் பொதுச்சொல்லாகத் தங்கிவிட்டது.

ஹைகேட்டில் இப்படி ஒரு தோட்டம் எதற்கு? சர்ச்சில் இடம் இல்லையா?

இல்லைதான். 1801இல் லண்டனில் சுமார் பத்து லட்சம் பேர். 1851க்குள் அது இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. இறந்தவர்கள் மட்டும் அதே பழைய சர்ச் வளாகங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே குழியில் ஒருவர்மேல் ஒருவர், பழைய எலும்பைத் தோண்டி ஒதுக்கிப் புதியவருக்கு இடம், சுற்றிலும் நாற்றம். 1831–32இல் காலரா வந்தபோது பயம் இன்னும் கூடியது.

அப்புறம்தான் தனியார் கம்பெனிகளுக்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. கென்சல் கிரீன் முதலில், 1833இல். தொடர்ந்து 1841க்குள் நகரத்தின் வெளிவட்டத்தில் மொத்தம் ஏழு தோட்டங்கள் வந்துவிட்டன. ஹைகேட்டை நடத்திய லண்டன் செமட்ரி கம்பெனி பங்கு விற்றுத் தொடங்கிய வியாபாரம். ஸ்டீபன் கியரி என்ற கட்டடக் கலைஞர் அதன் நிறுவனர். வியாபாரம் என்றால் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் அல்லவா? வளைந்த பாதைகள், மரங்கள், எகிப்திய வாசல், மேட்டின் உச்சியில் நகரம் முழுக்கத் தெரியும் மொட்டைமாடி என்று எல்லாம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு உலாவ வரும் இடமாகவே அது ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பியர் கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதில் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

ஜூலியஸ் பியர் யார்?

1836இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் வந்து பங்குச் சந்தையில் பெரும் பணம் பார்த்தார். 1870இல் தி அப்சர்வர் பத்திரிகையை வாங்கினார். பணம் வந்தது, பத்திரிகை வந்தது, ஆனால் பழைய பணக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரர், யூதர், புதுப்பணம் என்று மூன்று காரணம் அவர்களுக்கு.

1875இல் அவருடைய மகள் ஏடா இறந்தாள். வயது எட்டு. இந்தக் கட்டடம் முதலில் அவளுக்காகத்தான் எழுந்தது. அது முடிந்து இரண்டே வருஷத்தில், 1880இல், பியரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

கூரை ஏன் படிப்படியாக இருக்கிறது?

மாசோலஸின் கல்லறைக் கூரை அப்படி இருந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். 36 தூண்கள், அவற்றுக்கு மேல் 24 படிகளில் ஏறும் பிரமிடு, உச்சியில் நான்கு குதிரை பூட்டிய ரதம். நிலநடுக்கங்களில் கட்டடம் விழுந்தது. மிச்சக் கல்லை நைட்டுகள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர்கள் எடுத்துப் போத்ரும் கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஆக, பிற்காலக் கலைஞர்களுக்குக் கிடைத்தது ஒரு பத்திதான். அதை வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கற்பனையில் ஒன்று வரைந்தார்கள்.

லண்டனில் அந்தக் கற்பனைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. புளூம்ஸ்பரியில் நிக்கோலஸ் ஹாக்ஸ்மோர் கட்டிய செயின்ட் ஜார்ஜ் சர்ச், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதன் கோபுரம் படிப்படியான பிரமிடு, உச்சியில் ராஜா முதலாம் ஜார்ஜின் சிலை. அன்றைக்கே அதைக் கேலி செய்தார்கள்.

கதை மாறியது 1856க்குப் பிறகு. சார்ல்ஸ் நியூட்டன் என்பவர் போத்ருமில் அகழ்ந்து மாசோலஸ் கல்லறையின் சிற்பங்களையும் கற்களையும் தேடி எடுத்தார். அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. அதாவது பியருக்காக வரைபடம் போட்டவர் பிளினியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. பஸ் ஏறினால் மூலக் கல்லையே பார்த்துவிட்டு வரலாம். மகளுக்குக் கல்லறை கட்ட நினைக்கும் பணக்காரருக்கு, இது உலகத்தின் முதல் மாசோலியத்தின் சாயல் என்று சொன்னால் போதாதா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரையை மட்டும்தான் மாசோலஸின் கல்லறையிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். கீழே உள்ள உடம்பு இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணி. விக்டோரியக் காலத்தவர்களுக்கு இப்படிக் கலப்பதில் கூச்சமே கிடையாது. சுத்தம் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு அந்தக் கூரையின் கனம்தான் பிடிக்கிறது. நேரே மேலே ஓடும் கோபுரம் வானத்தைக் காட்டும், இது பளுவைக் காட்டுகிறது.

வடிவமைத்தது யார்?

ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் (1841–1913). ராணி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கு லண்டனில் உள்ள நினைவுச் சின்னத்தைக் கட்டிய சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் மகன். அப்பா கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணிக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கியவர், ஆனால் மகன் இந்த வேலையில் கோதிக்கைத் தொடவே இல்லை. அதே வருஷங்களில், 1877–79இல், லண்டன் பேஸ்வாட்டரில் கிரேக்கர்களுக்காகச் செயின்ட் சோஃபியா சர்ச்சையும் பைசாண்டியப் பாணியில் அவர்தான் கட்டினார். மாசோலியத்துக்குள் இருப்பதுபோல அங்கேயும் குவிமாடம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் அந்த மனிதரின் மனதில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கொஞ்சம் பிடிபடும்.

சிற்பி ஹென்றி ஹ்யூ ஆர்ம்ஸ்டெட். ஆல்பர்ட் நினைவுச் சின்னத்தின் அடிப்பீடத்தைச் சுற்றிக் கவிஞர்களும் இசைக்காரர்களும் ஓவியர்களும் வரிசையாக நிற்பார்களே, அவர்களைச் செதுக்கிய கை. அப்பாவிடம் வேலை செய்தவரை மகனும் கூப்பிட்டுக்கொண்டார்.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே வெறும் வெள்ளைக் கல் என்பதால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்போம். கதவுக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். மேலே குவிமாடம், நீலமும் பொன்னுமாகச் சின்னத் துண்டுகள் பதித்த மொசைக். வெளியிலிருந்து தெரியும் படிக்கூரைக்குள் இப்படி ஒரு வளைவு ஒளிந்திருக்கிறது என்று யாரும் ஊகிக்க முடியாது.

கண்ணுக்கு முன்னால் ஆர்ம்ஸ்டெட்டின் சலவைக்கல் புடைப்புச் சிற்பம். ஒரு தேவதை குனிந்து சின்னப் பெண்ணைக் கையில் தூக்கி எழுப்புகிறது. அந்தப் பெண் ஏடா. இறந்த பிறகு எடுத்த முக அச்சைப் பார்த்துத்தான் முகத்தைச் செதுக்கினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அப்படி அச்சு எடுப்பது வழக்கம்தான்.

இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அதன் அளவையும் செலவையும்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இந்தப் பொன்னையும் சிற்பத்தையும் வெளிச்சுவரில் வைத்திருப்பார். பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்ததைப் பார்க்கச் சாவி வைத்திருந்தவர்கள் அவள் வீட்டார்தான்.

அக்கம்பக்கத்தாரின் பார்வையை மறைக்கவே அந்த இடத்தில் கட்டினார் என்கிறார்களே?

ஹைகேட்டைப் பற்றி ஓயாமல் சொல்லப்படும் கதை இது. மேலே சொன்ன மொட்டைமாடி, உச்சியில் உள்ள அடக்க அறைகளின் கூரைதான். பணக்காரர்கள் அங்கே நடந்தபடி லண்டனைப் பார்ப்பார்கள். தன்னை ஒதுக்கியவர்கள் அந்தக் காட்சியை ரசிக்கக்கூடாது என்று பியர் நேர் எதிரே மாசோலியத்தை எழுப்பினார் என்பது கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. மாசோலியம் அந்தக் காட்சியில் ஒரு துண்டை மறைப்பதும் உண்மை. ஆனால் பழிவாங்கத்தான் கட்டினார் என்பதற்கு அந்த ஒரு துண்டு காட்சி போதாது. மேட்டின் உச்சியில், எல்லோரும் உலாவும் பாதை அருகே, விற்பனைக்கு இருந்த நல்ல இடம் அது. பணம் இருப்பவர் வேறெங்கே வாங்குவார்? அவர் ஆங்கிலேயப் பிரபுவாக இருந்திருந்தால் இதே கட்டடத்தைக் கம்பீரம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட் யூதர் என்பதால் வன்மம் ஆகிவிட்டது என்பது என் எண்ணம்.

எவ்வளவு செலவு?

நிலத்துக்கு 800 பவுண்டு, கட்டடத்துக்கு 5,000 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குச் சாப்பாடும் இடமும் போக வருஷத்துக்கு 20 பவுண்டு கிடைத்தாலே நல்ல சம்பளம்.

மண்ணில் புதைக்காமல் வைத்தால் நாற்றம் வராதா?

நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஈயம். மண்ணுக்கு மேலோ செங்கல் அறையிலோ வைக்கும் உடலுக்கு மூன்றடுக்குப் பெட்டி செய்வார்கள். உள்ளே மரப்பெட்டி, அதைச் சுற்றி ஈயத் தகடு, தகட்டின் இணைப்புகளைப் பற்றவைத்துக் காற்றுப் போகாமல் அடைப்பு, அதற்கு வெளியே வெல்வெட்டோ பித்தளை வேலைப்பாடோ போட்ட இன்னொரு மரப்பெட்டி. சுமப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். பொதுவாக அந்தக் காலத்து மாசோலியங்களில் பெட்டிகளைச் சுவரோரத் தட்டுகளில் வைப்பார்கள், இல்லையென்றால் தரைக்குக் கீழே ஓர் அறை தோண்டி அங்கே இறக்குவார்கள்.

பக்கத்தில் உள்ள மற்ற கல்லறைகளும் இதே மாதிரியா?

இல்லை, அதுதான் வேடிக்கை. சில நிமிட நடையில் மூன்று வேறு காலங்களைப் பார்க்கலாம்.

முதலில் எகிப்திய வீதி. தாமரைத் தூண்களும் இரண்டு கூர்ந்தூண்களும் நிற்கும் வளைவு வாசல் வழியாக உள்ளே போனால் இருபுறமும் அறைகள், மொத்தம் 16. ஒவ்வொன்றிலும் 12 பெட்டிகளுக்குத் தட்டு. நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதிலிருந்து ஐரோப்பாவுக்குப் பிடித்த எகிப்துப் பித்து இது. கென்சல் கிரீனில் ஆண்ட்ரூ டக்ரோ என்ற சர்க்கஸ்காரர் ஸ்ஃபிங்க்ஸ்களோடு கட்டிக்கொண்ட கல்லறையும் அதே ரகம். மேதைமை தன் எச்சத்தை வைக்கத் தானே எழுப்பியது என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். அடக்கம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு, அவருக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

வீதியைத் தாண்டினால் லெபனான் வட்டம். தோட்டத்தைவிடப் பழைய ஒரு தேவதாரு மரத்தை வெட்டாமல் விட்டு, அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வட்டமாக அறைகள் அமைத்தார்கள். உள்வட்டத்தில் 20, பின்னர் 1870களில் சேர்த்த வெளிவட்டத்தில் 16. மரத்தின் வேரும் மண்ணும் அந்த அறைகளின் தலைமேல் ஒரு பெரிய பூந்தொட்டி மாதிரி. பூஞ்சை பிடித்து மரம் பலவீனமானதால் 2019இல் அதை எடுத்துவிட்டுப் புதுக்கன்று நட்டார்கள். மேலே கோதிக் முகப்போடு நீளும் மொட்டைமாடி அடக்க அறைகள் 55, அவற்றில் 825 பேருக்கு இடம்.

இவை எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, அறை அறையாகக் கம்பெனி விற்றது. பியருடையது தனி பங்களா.

ராணி விக்டோரியாவைப் பார்த்துத்தான் இந்த மோகமா?

மாசோலியம் அவருக்கு முன்பே உண்டு. ஆனால் 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் வின்ட்சருக்குப் பக்கத்தில் ஃபிராக்மோரில் அவர் எழுப்பிய மாசோலியம் பெரிய முன்மாதிரி ஆயிற்று. வெளியே அடக்கமான கல், உள்ளே இத்தாலிய ஓவியமும் வண்ணமும் கொட்டிக்கிடக்கும். பியர் கட்டடத்தின் சூத்திரமும் இதுவே என்பதைக் கவனியுங்கள். 1901இல் ராணியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்.

பியர் குடும்பத்தில் பிறகு யார் யார் அங்கே வைக்கப்பட்டார்கள்?

அங்கே இருப்பவர்களில் ஏடா, ஜூலியஸ், மகன் ஃபிரெட்ரிக் உண்டு. வராமல் போன ஒருவர்தான் சுவாரசியம்: ஃபிரெட்ரிக்கின் மனைவி ரேச்சல்.

அவர் 1858இல் பம்பாயில் பிறந்தவர். பாக்தாதிலிருந்து வந்து பருத்தியிலும் அபினியிலும் பணம் சேர்த்த சாசூன் குடும்பத்துப் பெண். மும்பையில் இன்றும் மீன் இறங்கும் சாசூன் டாக் அவருடைய பெரியப்பா கட்டியது. 1887இல் ஃபிரெட்ரிக்கை மணந்தார். 1891 முதல் அப்சர்வரின் ஆசிரியர், 1893இல் சண்டே டைம்ஸையும் வாங்கிவிட்டார். பிரிட்டனில் நாடு முழுக்கப் போகும் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த முதல் பெண். டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமீது தேசத்துரோகப் பழி போட்டுப் பிரான்சை உலுக்கிய வழக்கில், அதற்கு ஆதாரமாகக் காட்டிய கடிதத்தை எழுதியது தான்தான் என்று எஸ்டர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி ஒப்புக்கொண்டதை 1898இல் வெளியிட்டது அவருடைய அப்சர்வர்தான்.

கணவர் இறந்த பிறகு அவர் மனம் உடைந்துபோனது. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சட்டப்படி அறிவித்து, டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் தாதிகள் பொறுப்பில் வைத்தார்கள். 1927இல் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம். ஹைகேட் மாசோலியத்தின் கதவு அவருக்காகத் திறக்கப்படவில்லை.

இத்தனை கெட்டியான கல் கட்டடம் எப்படிப் பாழானது?

கல் போர்ட்லண்ட் தீவின் சுண்ணாம்புக் கல், செயின்ட் பால் கதீட்ரல் கட்டியதும் இதே கல்தான். மழை நேரே விழும் இடங்களில் அது கழுவிக் கழுவி வெளுக்கும். மழை படாத இடுக்குகளிலோ நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் கல்லின் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி, அதில் கரி ஒட்டிக் கறுப்புத் தோலாகப் படியும். பழைய லண்டன் கட்டடங்களில் வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால்தான். படிக்கூரைக்கு இன்னொரு சங்கடம்: ஒவ்வொரு படியும் ஓர் இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் தண்ணீருக்கு ஒரு வழி. சாந்து போனால் விதை விழும், விதை விழுந்தால் வேர் பிளக்கும்.

ஆனால் உண்மையான எதிரி காசில்லாமை. கல்லறைக் கம்பெனியின் வருமானம் இடம் விற்பதில் வருவது. இடம் தீர்ந்தால் வருமானம் தீர்ந்தது, பராமரிப்புச் செலவு மட்டும் தீராது. 1960களில் ஹைகேட் காடாக மாறிக்கொண்டிருந்தது. 1975இல் மேற்குப் பகுதியை மூடியே விட்டார்கள். அதே வருஷம் ஊர்க்காரர்கள் ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள், 1981இல் தோட்டமே அவர்கள் கைக்கு வந்தது. பியர் மாசோலியத்துக்குள் அதற்குள் புறாக்கள் குடியேறி, பொன் மொசைக்குக் கீழே எச்சம் குவிந்து கிடந்தது. அள்ளிச் சுத்தம் செய்துதான் பழுது பார்த்தார்கள். இன்று அது இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இரண்டாம் தர நட்சத்திர (Grade II*) வரிசையில் இருக்கிறது.

போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கட்டணம் உண்டு. வெளிப்புறத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். உள்ளே மட்டும் நினைத்த நேரத்தில் போக முடியாது. இன்றும் அடக்கம் நடக்கும் தோட்டம் என்பதால், எதிரே துக்க வீட்டார் வந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

கார்ல் மார்க்ஸும் அங்கேதானே?

எதிர்ப்பக்கம். ஸ்வைன்ஸ் லேன் என்ற சாலையைத் தாண்டினால் பின்னால் சேர்த்த கிழக்குத் தோட்டம். அவர் 1883இல் புதைக்கப்பட்டது ஒரு மூலையில், எளிய கல்லோடு. இன்று எல்லோரும் படம் எடுக்கும் பெரிய தலை 1956இல் வைத்தது. பங்குச் சந்தைக்காரரைப் பார்த்துவிட்டு அங்கே போவது நல்ல வரிசை. ஸ்வைன்ஸ் லேன் செங்குத்தான இறக்கம், மழை நாளில் பார்த்து நடங்கள்.